எந்தத் தொந்தரவும் இல்லாதவர் ஆண்டுதோறும் முழு உடல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டுமா?

கேள்வி கேட்டவருக்கு வயது 38, மனைவிக்கு 35. இருவருக்கும் உடம்பில் ஒரு குறையும் இல்லை. எண்பதுக்கு மேல் சோதனைகள் அடங்கிய தம்பதியர் பேக்கேஜ் ஒன்று தள்ளுபடியில் கிடைக்கிறது, புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் ரத்தப் பரிசோதனையும் அதில் உண்டு, எடுத்துக்கொள்ளலாமா என்கிறார்.

வேண்டாம் என்பேன். நான் மருத்துவர் அல்ல, ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவன். இப்படிப்பட்ட பேக்கேஜ்கள் விற்றால்தான் எங்கள் தொழில் ஓடும். அதையும் மனதில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

முதலில் அந்த எண்பது. ஒரே ஒரு குழாய் ரத்தத்தை இயந்திரத்தில் வைத்தால் ஹீமோகுளோபின், சிவப்பணு, வெள்ளையணு, தட்டணு என்று இருபது எண்கள் தாமாக வந்து விழும். கொலஸ்ட்ராலில் பாதி எண்கள், கணினி மற்ற எண்களைக் கழித்தோ வகுத்தோ தருபவை. இவை ஒவ்வொன்றையும் தனிச் சோதனையாக எண்ணித்தான் எண்பதைத் தொடுகிறார்கள்.

இது பரவாயில்லை, விளம்பரத் தந்திரம் என்று விட்டுவிடலாம். அறிக்கையில் ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் அச்சிட்டிருக்கும் இயல்பு அளவில்தான் வில்லங்கம் இருக்கிறது. சர்க்கரை, கொலஸ்ட்ரால் போன்ற சிலவற்றுக்கு, எந்த அளவுக்கு மேல் போனால் நோய் வருகிறது என்று பார்த்து எல்லை வகுத்திருக்கிறார்கள். மற்ற பெரும்பாலானவற்றுக்கு அப்படி இல்லை. ஆரோக்கியமானவர்கள் பலரின் ரத்தத்தைச் சோதித்து, மேலே இரண்டரை சதவீதத்தையும் கீழே இரண்டரை சதவீதத்தையும் கழித்துவிட்டு, நடுவில் இருக்கும் 95 சதவீதத்தை இயல்பு என்று வைத்துக்கொள்கிறோம். ஆக, நோயே இல்லாத 100 பேரில் 5 பேர் எல்லைக்கு வெளியேதான் இருப்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது சோதனைகளைச் செய்தால், கல்லுக்குண்டாக இருப்பவருக்கும் ஏதாவது ஒன்று எல்லை தாண்டி, அறிக்கையில் தடித்த எழுத்தில் வந்து நிற்க 64 சதவீத வாய்ப்பு உண்டு. கால்குலேட்டரில் 0.95-ஐ இருபது முறை பெருக்கி, வருவதை ஒன்றிலிருந்து கழித்துப் பாருங்கள்.

அந்தத் தடித்த எழுத்தைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். பொட்டாசியம் ஆறு, அதாவது இயல்பைவிட அதிகம், என்று அறிக்கை வந்திருக்கும். ரத்தம் எடுக்கும்போதோ, கொண்டுவரும் வழியிலோ சிவப்பணுக்கள் உடைந்து, உள்ளே இருந்த பொட்டாசியம் வெளியே கசிந்திருக்கும். குழாயைச் சுழற்றிப் பார்த்தால் மேலே தெளிய வேண்டிய சீரம் இளஞ்சிவப்பாக இருக்கும். மறுபடி எடுத்தால் நான்குக்குப் பக்கத்தில் வந்துவிடும். இடைப்பட்ட ஓர் இரவு அந்தக் குடும்பம் தூங்கியிருக்காது, இணையத்தில் சிறுநீரகச் செயலிழப்பு பற்றி எல்லாவற்றையும் படித்து முடித்திருக்கும்.

சரி, சில பொய் அலாரங்களைப் பொறுத்துக்கொண்டால் உயிராவது மிச்சமாகுமே என்பீர்கள். பலரும் அதைத்தான் நினைத்தார்கள், சோதித்தும் பார்த்தார்கள். இப்படிப் பொதுவாக எல்லாவற்றையும் பரிசோதித்த குழுவையும் பரிசோதிக்காத குழுவையும் ஒப்பிட்ட ஆய்வுகளை, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு திரட்டி, 2019-ல் வெளியிட்டது. இரண்டரை லட்சம் பேரின் தரவுகள். மொத்த மரணத்திலோ புற்றுநோய் மரணத்திலோ வித்தியாசம் இல்லை. அந்த ஆய்வுகள் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடந்தவை என்பதையும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் சர்க்கரை நோயின் வேகம் வேறு, அதற்குக் கீழே வருகிறேன்.

புற்றுநோய் விஷயத்தில் ஒரு பெரிய பாடம் தென்கொரியாவில் கிடைத்தது. அங்கே 1999-ல் தேசியப் புற்றுநோய்ப் பரிசோதனைத் திட்டம் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் வந்தவர்களிடம், இன்னும் கொஞ்சம் பணம் கட்டினால் கழுத்தையும் ஸ்கேன் செய்துவிடுகிறோம் என்று மருத்துவமனைகள் சேர்த்துக் கொடுத்தன. நம் பேக்கேஜ் கதைதான். 2011-ல் தைராய்டு புற்றுநோய் கண்டறியப்பட்ட விகிதம் 1993-ல் இருந்ததைப்போல் 15 மடங்கு. அந்த ஓர் ஆண்டில் மட்டும் நாற்பதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். அதனால் இறந்தவர்களின் எண்ணிக்கையோ ஆண்டுக்கு முந்நூறு, நானூறு என்று இருந்த இடத்திலேயே இருந்தது, குறையவே இல்லை. கண்டுபிடிக்கப்பட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் அறுவை சிகிச்சை, அதில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குச் சுரப்பியை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். வாழ்நாள் முழுக்க மாத்திரை, சிலருக்குக் குரல் போயிற்று, சிலருக்குக் கால்சியம் குறைபாடு. 2014-ல் கொரிய மருத்துவர்கள் சிலரே கூடி இந்த ஸ்கேனை நிறுத்துங்கள் என்று பகிரங்கமாகக் கேட்டார்கள். ஓராண்டுக்குள் அறுவை சிகிச்சைகள் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தன.

அவ்வளவு கட்டிகள் எங்கிருந்து வந்தன? எப்போதும் இருந்தவைதான். பின்லாந்தில் 1985-ல், வேறு காரணங்களால் இறந்த 101 பேரின் தைராய்டை மெல்லிய துண்டுகளாக வெட்டிப் பார்த்தார்கள். மூன்றில் ஒருவருக்கு மேல் மிகச் சிறிய புற்று இருந்தது. அவர்கள் அதோடு வாழ்ந்து, வேறு ஏதோ ஒன்றால் இறந்திருக்கிறார்கள்.

உங்கள் பேக்கேஜில் சொல்லப்படும் புற்றுநோய் ரத்தப் பரிசோதனை, மனைவிக்கு அநேகமாக சிஏ-125 என்ற புரதத்தின் அளவைப் பார்ப்பதாக இருக்கும். பிரிட்டனில் இரண்டு லட்சம் பெண்களைச் சேர்த்து, இந்தச் சோதனை சினைப்பைப் புற்றுநோய் மரணத்தைக் குறைக்கிறதா என்று பார்த்தார்கள். இறுதி முடிவு 2021-ல் வந்தது. நோயைச் சற்று முன்னதாகக் கண்டுபிடிக்க முடிந்தது, இறந்தவர்களின் எண்ணிக்கை மாறவில்லை. அதில் கலந்துகொண்டவர்கள் மாதவிடாய் நின்ற, 50 வயதைத் தாண்டிய பெண்கள். 35 வயதில் நிலைமை இன்னும் மோசம். மாதவிடாய் நாட்களிலும், கருப்பையின் உட்சவ்வு போன்ற திசு கருப்பைக்கு வெளியே வளரும் எண்டோமெட்ரியோசிஸ் இருந்தாலும், வயிற்றில் காசநோய் இருந்தாலும் இந்த அளவு ஏறும். ஏறியதும் ஸ்கேன், பிறகு இன்னொரு ஸ்கேன் என்று நீளும்.

இதற்கு நேர் எதிரான கதை திண்டுக்கல் மாவட்டத்தில் நடந்தது. அதைப் பற்றி நம் மக்களுக்கே அதிகம் தெரியாதது எனக்கு வருத்தம். உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமையைச் சேர்ந்த ரெங்கசாமி சங்கரநாராயணன், அம்பிளிக்கை மருத்துவமனை, அடையாறு புற்றுநோய் நிறுவனம் ஆகியோர் சேர்ந்து 2000-த்தில் தொடங்கிய ஆய்வு. கிராமப் பகுதிகளை 114 தொகுதிகளாகப் பிரித்து, குலுக்கலில் பாதியை இந்தப் பக்கம், பாதியை அந்தப் பக்கம் வைத்தார்கள். ஒரு பக்கத்தில் 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களைப் பரிசோதனைக்கு அழைத்தார்கள். பயிற்சி பெற்ற செவிலியர் கருப்பை வாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவுவார். வினிகரில் இருப்பதும் அதுதான். கொஞ்சம் பொறுத்து, விளக்கு வெளிச்சத்தில் பார்த்தால், கோளாறான இடம் வெள்ளையாக மாறித் தெரியும். தேவைப்பட்டால் அன்றைக்கே குளிரால் உறையவைத்து அழித்துவிடலாம். ஸ்கேன் இல்லை, ஆய்வுக்கூடம்கூட இல்லை. 31,343 பெண்கள் வந்தார்கள். 2007-ல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது: அழைக்கப்பட்ட பக்கத்தில் கருப்பை வாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைவு. மகாராஷ்டிரத்தில், அப்போது உஸ்மானாபாத் எனப்பட்ட தாராசிவ் மாவட்டத்தில், இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் எச்பிவி வைரஸுக்கான சோதனையை ஒரே ஒரு முறை செய்ததற்கே மரணம் கிட்டத்தட்ட பாதியானது 2009-ல் தெரிந்தது.

மறுபக்கத்துப் பெண்களுக்குப் பரிசோதனை தராமல் ஒப்பிட்டது சரிதானா என்று பிற்பாடு கடுமையான விமர்சனம் எழுந்தது. நியாயமான கேள்விதான், எனக்கும் அதில் நெருடல் உண்டு. அதனாலேயே, அப்படிக் கிடைத்த விடையை நாம் பயன்படுத்தாமல் இருப்பது எனக்குக் கோபமாக வருகிறது. இந்தப் பரிசோதனை அரசு ஆரம்ப சுகாதார நிலையங்களில் 30 வயது தாண்டிய பெண்களுக்கு இலவசம். உங்கள் எண்பதில் இது இருக்கிறதா என்று பாருங்கள். இருக்காது என்றே நினைக்கிறேன், ரத்தக் குழாயில் அடைத்து அனுப்ப முடியாதல்லவா.

எனவே மனைவி முதலில் செய்துகொள்ள வேண்டியது இதுதான். எச்பிவி சோதனை கிடைத்தால் இன்னும் நல்லது, அதில் தெளிவாக வந்தால் ஐந்து முதல் பத்து ஆண்டுக்கு ஒரு முறை போதும். இருவரும் ரத்த அழுத்தம் பாருங்கள். படியேறி வந்த மூச்சோடு அல்ல, ஐந்து நிமிடம் உட்கார்ந்த பிறகு. கூடுதலாக இருந்தால் வேறொரு நாளும் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

சர்க்கரை அவசியம் பாருங்கள். வெறும் வயிற்றில் பார்க்கலாம், மூன்று மாதச் சராசரி காட்டும் எச்பிஏ1சி-யும் பார்க்கலாம். இரும்புச்சத்துக் குறைவால் ரத்தசோகை இருந்தால் எச்பிஏ1சி உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும், ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பார்த்துவிடுங்கள். இதை முன்கூட்டியே கண்டுபிடிப்பதில் பலன் உண்டு என்பதற்கு சென்னையிலேயே சான்று இருக்கிறது. மருத்துவர் அ. ராமச்சந்திரன் குழு, சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 531 பேரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2006-ல் வெளியிட்டது. வழக்கம்போல் இருந்தவர்களில் 55 சதவீதம் பேருக்கு நோய் வந்துவிட்டது. நடை, உணவுக் கட்டுப்பாடு என்று இருந்தவர்களில் 39 சதவீதம்தான். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை நோய் மாத்திரையும் கிட்டத்தட்ட அதே அளவுக்குத்தான் காப்பாற்றியது. அதோடு ஓர் இன்ச் டேப் வாங்கி இடுப்பை அளந்து கொள்ளுங்கள், ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 என்பது எல்லை.

புகையிலையோ வெற்றிலைப் பாக்கோ போடும் பழக்கம் இருந்தால் வாயைப் பரிசோதித்துக்கொள்ளுங்கள். திருவனந்தபுரம் பகுதியில் நடந்த ஆய்வில், புகையிலை, மது பழக்கமுள்ளவர்களுக்கு அது உயிரைக் காத்திருக்கிறது.

இவ்வளவும் நோய்க்குறி இல்லாதவர்களுக்கு. காரணமில்லாமல் எடை குறைகிறது, மார்பில் கட்டி தட்டுப்படுகிறது என்றால் பேக்கேஜும் வேண்டாம், என் பதிலும் வேண்டாம், நேரே மருத்துவரிடம் போங்கள். குடும்பத்தில் யாருக்காவது ஐம்பது வயதுக்கு முன் மாரடைப்போ, மார்பக, சினைப்பை, குடல் புற்றுநோயோ வந்திருந்தால் அதையும் முதலிலேயே அவரிடம் சொல்லிவிடுங்கள், அப்போது நான் மேலே எழுதியதில் பல வரிகள் உங்களுக்குப் பொருந்தாது.