மலை ஊருக்கு வடிகால் மாடல் செய்யும்போது நிச்சயமின்மையை எப்படிக் கையாள்வது?

குன்னூரில் இருந்துகொண்டு பதினொரு வருஷமாக வடிகால் வடிவமைப்பு வேலை பார்க்கிறேன். கேட்டவர் முதுகலை மாணவர் போலிருக்கிறது. நீலகிரியில் ஓர் ஊருக்கு மழைநீர் வடிகாலையும் நீரின் தரத்தையும் சேர்த்து மாடல் செய்கிறாராம். எந்த எண்ணையும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை, மான்டி கார்லோ முறையில், அதாவது உள்ளே போடும் எண்களை ஓர் எல்லைக்குள் தற்செயலாக மாற்றி மாற்றி, மாடலை ஆயிரம் தடவை ஓட்டினால் போதுமா என்கிறார்.

போதாது. எனக்கு நடந்ததைச் சொன்னால் ஏன் என்று புரியும்.

சில வருஷங்களுக்கு முன் கேத்திப் பள்ளத்தாக்கில் ஓர் ஓடைக்கு மாடல் செய்தேன். மேலே காய்கறித் தோட்டம், நடுவில் வீடுகளும் கடைகளும், கீழே எல்லாம் வந்து சேரும் கால்வாய். காய்ந்த நாட்களில் தெருவிலும் கூரையிலும் அழுக்கு சேரும், மழை வந்தால் அடித்துக்கொண்டு போகும்: ஸ்வம் (SWMM) மாதிரியான மழைநீர் வடிகால் மென்பொருள்களில் இருக்கும் கணக்கு இதுதான். ஆனால் சொட்டு மழை இல்லாத நாளில், விடிகாலையில் எடுத்த பாட்டிலில் தண்ணீர் செம்மண் குழம்பாக இருந்தது. ஆய்வகத்தைச் சந்தேகப்பட்டேன். பாட்டிலை மாற்றி வைத்துவிட்டார்களோ என்று உதவிக்கு வந்த பையனைக் கூடக் கேட்டேன். கடைசியில் அந்தப் புள்ளிகளைத் தவறானவை என்று ஒதுக்கிவிட்டு, மழை நாள் புள்ளிகளுக்கு மட்டும் மாடலைப் பொருத்தினேன். ஆயிரம் ஓட்டங்கள். அளந்த எண்களில் பெரும்பாலானவை அந்த ஓட்டங்கள் வரைபடத்தில் காட்டிய பட்டைக்குள் அழகாக உட்கார்ந்தன.

ஒரு நாள் ஓடைக்கரையில் மூட்டை தைத்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர், "பொழுது விடிஞ்சப்புறம் வந்து என்ன பாக்கறீங்க தம்பி? ராத்திரி ரெண்டு மணிக்கு வாங்க" என்றார். போனேன். நெற்றியில் டார்ச் கட்டிக்கொண்டு தோட்டத்தில் கேரட் பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டை மூட்டையாகக் கழுவும் மெஷினுக்கு வந்தது. டிரம் சுற்றச் சுற்றத் தண்ணீர் பீய்ச்சியது. உள்ளே போனபோது மண் உருண்டையாக இருந்த கேரட் வெளியே வரும்போது ஆரஞ்சு நிறத்தில் மின்னியது. அந்த மண்ணெல்லாம் ஒரு சின்ன வாய்க்கால் வழியாக நேரே ஓடையில் இறங்கியது. விடிவதற்குள் லாரி மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கிளம்பிவிட்டது. என் மாடலில் மழை இருந்தது, தெரு இருந்தது, கேரட் இல்லை.

இதில் என்னை அதிகம் உறுத்தியது, மாடல் பொருந்தியதுதான். மழை நாளிலும் கேரட் கழுவுகிறார்கள். அந்த மண்ணையும் நான் தெருவின் கணக்கில் எழுதியிருந்தேன். மென்பொருளும் அழுக்கு சேரும் வேகத்தை ஏற்றி, ஈடுகட்டிக் காட்டிவிட்டது. வெவ்வேறு எண்கள், வெவ்வேறு காரணங்கள், ஆனால் ஒரே மாதிரி பொருத்தம். கீத் பெவன் நீரியலில் இதைத்தான் வலியுறுத்திவந்தார். அவரும் ஆண்ட்ரூ பின்லியும் 1992இல் முன்வைத்த குளூ (GLUE) முறை, சிறந்த ஒரே ஓட்டத்தைத் தேடாமல், ஏற்கத்தக்க ஓட்டங்கள் எல்லாவற்றையும் கையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நல்ல முறை, கட்டாயம் படியுங்கள். ஆனாலும் நீங்கள் உள்ளே போடாத கேரட்டை அதுவும் கண்டுபிடித்துத் தராது.

அடுத்து மழை. 2009 நவம்பரில் கேத்தியில் 24 மணி நேரத்தில் 820 மி.மீ. கொட்டியது. 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 900 மி.மீ. தாண்டியது. முன்னது வடகிழக்குப் பருவமழை, பின்னது தென்மேற்கு. ஒரு மேடு தாண்டினால் மழையே வேறு. ஊட்டி மழைமானியின் எண்ணைக் குன்னூர் ஓடைக்குப் போடுவதைப் பல அறிக்கைகளில் பார்க்கிறேன், வயிறு எரிகிறது. சின்ன ஓடைக்கு நாள் கணக்கும் உதவாது, பத்து நிமிஷக் கணக்கு வேண்டும். 40 ஹெக்டேர் சரிவு, மணிக்கு 60 மி.மீ. மழை, வழிந்தோடும் பங்கு 0.5 என்றால் நொடிக்கு 3.3 கன மீட்டர் வரும். மழை 40 முதல் 80 வரை, பங்கு 0.35 முதல் 0.6 வரை இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டால் அதுவே 1.6 முதல் 5.3 வரை விரியும். வாய்க்காலின் சொரசொரப்பு எண்ணும் அப்படித்தான்: 0.015 என்று எழுதியது புல்லும் கல்லும் சேர்ந்து 0.030 ஆனால் கொள்ளளவு பாதி.

நீர்த்தரத்தில் இங்கே குளிரையும் கணக்கில் எடுக்க வேண்டும். நம் ஆய்வகங்களில் பிஓடி சோதனை (அழுக்கைச் சிதைக்க நுண்ணுயிர்கள் எவ்வளவு ஆக்சிஜன் எடுக்கின்றன என்று பார்ப்பது) 27 டிகிரியில் 3 நாள் வைத்துச் செய்வது. சிதையும் வேகத்தைப் புத்தகங்கள் 20 டிகிரிக்குத் தருகின்றன. தண்ணீர் 12 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். வெப்பநிலைக்கேற்ப வேகத்தைத் திருத்தும் வழக்கமான 1.047 கெழுவைப் போட்டால் வேகம் 0.69 மடங்காகும். 20 டிகிரிக்குக் கீழே சில புத்தகங்கள் சொல்லும் 1.135ஐப் போட்டால் 0.36 மடங்கு. முன்னதில் ஏறக்குறைய பாதி! கோடப்பமந்து கால்வாயில் தண்ணீர் ஓடும் கொஞ்ச நேரத்தில் இது பெரிதாகத் தெரியாது. அது போய்ச் சேரும் ஊட்டி ஏரியில் தண்ணீர் நாள்கணக்கில் தேங்கும்போது விடையே மாறிவிடும். மாடலில் எதுவரை சேர்க்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இதற்கு நேரம் செலவிடுங்கள்.

சரி, இவ்வளவு அகலமான விரிவை வைத்துக்கொண்டு என்ன செய்வது? நான் முடிவிலிருந்து பின்னோக்கி வருகிறேன். சிறுபாலத்தின் திறப்பு எவ்வளவு என்ற கேள்விக்கு 1.6க்கும் 5.3க்கும் மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம். அங்கே மழையை அளக்கக் காசு செலவழிப்பேன். கழுவும் மெஷினுக்குக் கீழே வண்டல் தொட்டி வேண்டுமா என்ற கேள்விக்கு எந்த எண்ணைப் போட்டாலும் "வேண்டும்" என்றுதான் வந்தது. அங்கே மாடலை மெருகேற்றிக்கொண்டு உட்கார மாட்டேன். "ஒரே எண்ணா குடுங்க சார்" என்று அழுத்துவார்கள். எண்ணைக் கொடுங்கள், பக்கத்திலேயே கீழ் எல்லையையும் மேல் எல்லையையும் அதே எழுத்தளவில் போடுங்கள்.

உங்களுக்கு ஒரு பருவமழைதான் கையில் இருக்கிறது என்றால், ஓடையின் நீர்ப்பிடிப்புக்குள்ளேயே, முடிந்தால் மேலே ஒன்று கீழே ஒன்று என்று தானியங்கி மழைமானி வையுங்கள். அதற்கும் முன்னால், மழையில்லாத ஒரு நாளில் 24 மணி நேரமும் மணிக்கொரு பாட்டில் எடுங்கள். பிஓடி பாட்டில்கள் ஐஸ் பெட்டியில் போகட்டும். ராத்திரி ரெண்டு மணி பாட்டிலுக்குத் துணைக்கு ஒருவரைக் கூட்டிப் போங்கள், சரிவு வழுக்கும். கரையில் வேலை செய்கிறவர்களிடம் எதை, எப்போது கழுவுகிறார்கள் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.