கரண்ட் வைக்கும்போது சினைப்பை கெடாமலிருக்க மருந்து உண்டா?

கேள்வி கேட்டவரின் தங்கைக்கு 28 வயது, மலக்குடலில் புற்றுநோய். அடுத்த மாதம் கரண்ட், அதாவது கதிர் சிகிச்சை, வைக்கப் போகிறார்கள். சினைப்பையைக் காப்பாற்ற மாத்திரை ஏதாவது இருக்கிறதா என்கிறார்.

இதே கேள்வியோடு நானும் அலைந்திருக்கிறேன். எனக்கு அப்போது 30 வயது, அதே நோய், 28 சிட்டிங், அதாவது 28 தடவை கதிர். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன்: அதற்கென்று நிரூபணமான மாத்திரையோ ஊசியோ இன்றைக்கு இல்லை.

ஆராய்ச்சி நடக்காமல் இல்லை. கதிர் பட்டதும் முட்டை பொசுங்கிப் போவதில்லை. டிஎன்ஏ அறுந்தது தெரிந்ததும் அதுவே தன்னை மாய்த்துக்கொள்கிறது. 2000இல் அமெரிக்காவில் ஜொனாதன் டில்லியின் குழு, அந்தச் சாவைத் தடுக்கும் ஸ்பிங்கோசின்-1-பாஸ்பேட் என்ற பொருளைச் சுண்டெலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. முட்டைகள் பிழைத்தன. 2011இல் அதே வகையைச் சேர்ந்த ஃபிங்கோலிமோட் மருந்தை வைத்துக் குரங்குகளில் செய்தார்கள். 15 கிரே (கிரே என்பது கதிர் அளவின் அலகு) கதிர்வீச்சுக்குப் பிறகும் குட்டி பிறந்தது. ஆனால் மருந்து வாய் வழியாகப் போகவில்லை, சின்ன பம்ப் வைத்து நேராகச் சினைப்பைக்குள் விட்டார்கள். செல்லைச் சாகவிடாத பொருள் உடம்பெல்லாம் ஓடினால் கட்டியையும் சாகவிடாதே, அந்தப் பயம்தான்.

அமிஃபோஸ்டின் என்றும் ஒரு பெயர் கண்ணில் படும். அணுகுண்டுப் போர் வந்தால் சிப்பாய்களுக்குக் கொடுக்கலாம் என்று அமெரிக்க ராணுவம் தேடியபோது கிடைத்தது. 1999இல் அங்கே அனுமதி வாங்கியது தலை, கழுத்துக் கதிர் சிகிச்சையில் வாய் வறளாமலிருக்க. சினைப்பைக்கு அல்ல.

என் அத்தை பாட்டில் பாட்டிலாக நெல்லிக்காய் ஜூஸ் கொண்டுவந்தார். நான் ரகசியமாக, தூக்கத்துக்கு எடுக்கும் மெலடோனின் மாத்திரை வாங்கி வைத்திருந்தேன். டாக்டர் இரண்டையும் கேட்டுவிட்டு, "நெல்லிக்காயைச் சாப்பாட்டோடு ஒன்றிரண்டு சாப்பிடும்மா, மாத்திரை வேண்டாம். உனக்கு எது கவசமோ புற்றுக்கட்டிக்கும் அது கவசம்" என்றார்.

சரி, எனக்கு என்னதான் செய்தார்கள்? லேப்ராஸ்கோப்பியில் இரண்டு சினைப்பையையும் ரத்தக்குழாய் அறுபடாமல் மேலே நகர்த்தி, இடுப்பெலும்பு விளிம்புக்கு மேல் தைத்துவிட்டார்கள். கதிர் விழும் இடத்திலிருந்து தள்ளி வைப்பது, அவ்வளவுதான். அடையாளத்துக்குப் போட்ட உலோகக் கிளிப்புகள் இன்றைக்கும் எக்ஸ்ரேயில் ஸ்டேப்ளர் பின் மாதிரித் தெரிகின்றன. ஐந்து மாதம் கழித்து மாதவிடாய் திரும்பியது. எல்லோருக்கும் அப்படி அமையாது. சிதறும் கதிர் கொஞ்சம் படும், தைத்தது கீழே நழுவுவதும் உண்டு. ஆனால் இடத்திலேயே விட்டிருந்தால்? முட்டைகளில் பாதி அழிய 2 கிரே கூட வேண்டாம் என்பது கணக்கு. எனக்கு ஒரு சிட்டிங்கே 1.8 கிரே.

முதலில் போன ஆஸ்பத்திரியில் இதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. இரண்டாவது கருத்துக்குப் போன இடத்தில் ஒரு நர்ஸ்தான், "குழந்தை வேணும்னா இப்பவே கேளுங்க அக்கா" என்றார். அதனால் சொல்கிறேன், கதிர் எங்கே விழ வேண்டும் என்று திட்டமிட எடுக்கும் பிளானிங் ஸ்கேனுக்கு முன்பே கேளுங்கள். முட்டையை உறையவைப்பதென்றால் இரண்டு வாரம் போல ஊசி போட வேண்டியிருக்கும், சிகிச்சை அவ்வளவு பொறுக்குமா என்பதைப் புற்றுநோய் டாக்டர்தான் சொல்ல வேண்டும். இன்னொன்று, கருப்பையை நகர்த்துவது வழக்கமான சிகிச்சை இல்லை, சில இடங்களில் மட்டும் சோதனை முயற்சியாகச் செய்கிறார்கள். கதிர் பட்ட கருப்பை கர்ப்பத்தைத் தாங்குவது சிரமம். இதை எனக்கு எல்லாம் முடிந்த பிறகுதான் சொன்னார்கள்.