சாயும் ஸ்பெல்ட் கோதுமை: களைக்கொல்லிக்கு முன் யூரியாவைக் குறையுங்கள்

கேள்வி: ஜெர்மனியில் சுவாபியன் ஆல்ப் பகுதியில் மாமனார் நிலம் 2 ஹெக்டேரில் ஸ்பெல்ட் கோதுமை (உமி ஒட்டிய பழைய கோதுமை வகை) போட்டிருக்கிறோம். ரகம் ஓபர்குல்மர் ரோட்கோர்ன். போன வருடம் சாதாரணக் கோதுமைக்குப் போடும் அளவே யூரியா போட்டோம். ஜூனில் பயிர் சாய்ந்தது. துணியில் ஒட்டும் ஒரு கொடி அதன்மேல் ஏறி மூடிவிட்டது. என்ன களைக்கொல்லி அடிக்கலாம், எவ்வளவு உரம் போடலாம்?

பதில்: நீங்கள் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறீர்கள். என் கணக்கில் அது ஒன்றுதான். அந்தக் கொடியை அங்கே கிளெட்டன்லாப்கிரவுட் என்பார்கள். தழைச்சத்து (நைட்ரஜன்) என்றால் அதற்குக் கொள்ளை ஆசை. நீங்கள் போட்ட யூரியா பயிரை உயர்த்திச் சாய்த்தது, கொடிக்கும் தீனி போட்டது.

ஓபர்குல்மர் பழைய சுவிஸ் ரகம், ஒன்றரை மீட்டர்கூட வளரும். நிமிர்ந்து நிற்கும்வரை அதன் நிழலே பல களைகளை அடக்கிவிடும். அதனால் ஹெக்டேருக்கு மொத்தம் 60 முதல் 80 கிலோ தழைச்சத்து போதும். மண்ணில் ஏற்கெனவே இருப்பதைப் பரிசோதித்து அதையும் கழித்துக்கொள்ளுங்கள். பாதியைக் குளிர் விலகிப் பயிர் துளிர்க்கும்போதும், மீதியைத் தண்டு நீளத் தொடங்கும்போதும் கொடுங்கள். 27 சதவீதக் கால்சியம் அம்மோனியம் நைட்ரேட் என்றால், 40 கிலோ தழைச்சத்துக்கு ஏறக்குறைய 150 கிலோ உரம். யூரியாதான் வேண்டுமென்றால், 2020 முதல் ஜெர்மனியில் யூரியேஸ் தடுப்பான் (யூரியா அம்மோனியாவாகிக் காற்றில் வீணாவதைக் குறைக்கும் பொருள்) கலந்ததைப் போட வேண்டும், இல்லாவிட்டால் 4 மணி நேரத்துக்குள் மண்ணில் கலந்துவிட வேண்டும். நிற்கிற பயிரில் கலப்பது எங்கே முடியும்? ஆகவே தடுப்பான் உள்ளதையே வாங்குங்கள். முந்தைய பயிர் குளோவர் (மண்ணில் தழைச்சத்தைச் சேர்க்கும் தீவனப் பயிர்) என்றால் இந்த அளவும் அதிகம். சாணக்குழம்பு ஊற்றினால் அதையும் கணக்கில் சேருங்கள். மக்காத எருவில் இந்தக் கொடியின் விதையும் உயிரோடு வந்து சேரும்.

களைக்கு முதல் ஆயுதம் ஸ்ட்ரீகல் என்ற கம்பிப்பல் பரம்புதான். விதைத்தபின் முளை மேலே வருவதற்குள் ஒருமுறை லேசாக ஓட்டலாம். உமியோடு விதைப்பதால் ஸ்பெல்ட் மெதுவாகத்தான் முளைக்கும், அவகாசம் கிடைக்கும். ஒன்றிரண்டு இலையில் இருக்கும்போது மட்டும் தொடாதீர்கள். அப்புறம் வசந்தத்தில், பயிர் தூர் கட்டிய பிறகு, மேல்மண் காய்ந்த நாளில் ஓட்டுங்கள். கொடி வித்திலையில் இருக்கும்போதுதான் பரம்பு வெல்லும். ஓரிரு அடுக்கு இலை விட்டு வேர் ஊன்றிவிட்டால் பிடுங்காது. இலையுதிர் காலம் தொடங்கி வசந்தம்வரை விட்டுவிட்டு முளைக்கும் களை என்பதால் ஒரே ஓட்டில் தீராது.

இவ்வளவுக்குப் பிறகும் மிஞ்சினால் மருந்து. ஃபுளூராக்ஸிபிர் இதற்கு நன்றாகக் கேட்கும், ஆனால் இதமான வெப்பம் வேண்டும். குளிர் விடாத நாளில் ஃப்ளோராசுலம் மேல். கோதுமைக்கு அனுமதி உண்டு என்பதாலேயே ஸ்பெல்ட்டுக்கும் உண்டு என்று எண்ணிவிடாதீர்கள். லேபிளில் டிங்கெல் (ஸ்பெல்ட்டின் ஜெர்மன் பெயர்) என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டே வாங்குங்கள். இயற்கை வேளாண்மைச் சான்று இருந்தால் இந்தப் பேச்சே இல்லை.

இந்த நிலத்துக்கு ரகத்தை மாற்றுவதும் நல்ல யோசனைதான். சோலர்ன்ஸ்பெல்ட்ஸ் குட்டையானது, அவ்வளவாகச் சாயாது. எதை விதைத்தாலும், போன வருட அறுவடையிலிருந்து விதை எடுக்காதீர்கள். கொடியின் கொக்கி விதைகள் அதில் கலந்திருக்கும்.