ஆடிக்கூழில் மரபணு மாற்றிய மீலி மாவா?

தென்னாப்பிரிக்காவில் விதை ஆய்வகத்தில் காலம் கழித்தவன் நான். பயிர், நுண்ணுயிர் பற்றிக் கேளுங்கள். வைத்தியம் கேட்காதீர்கள்.

கேள்வி (மவுன்ட் எட்ஜ்கோம்): மாரியம்மனுக்கு ஆடியில் கூழ் ஊற்றுகிறோம். கடை மீலி மாவு, அதாவது மக்காச்சோள மாவு, மரபணு மாற்றியது என்கிறாள் மகள். படைக்கலாமா?

பதில்: மகள் சொல்வது பெரும்பாலும் சரி, அக்கா. இங்கே 2001-லேயே மரபணு மாற்றிய வெள்ளை மக்காச்சோளம் விதைத்துவிட்டார்கள். மண்ணில் வாழும் ஒரு பாக்டீரியாவின் மரபணு அதில் இருக்கிறது. அது உண்டாக்கும் புரதம் தண்டுத்துளைப்பான் புழுவின் குடலில் ஒட்டி ஓட்டை போடும். ஒட்டுவதற்கான பிடி நம் குடலில் இல்லை.

புழுவும் சும்மா இருக்கவில்லை. அந்தச் சோளத்தைத் தின்றும் சாகாத புழுக்கள் 2007-லேயே இங்கே பதிவாயின. பக்கத்தில் கொஞ்சம் சாதாரணச் சோளம் போட்டிருந்தால், அதில் பிழைத்த பூச்சிகள் இவற்றோடு கலந்து எதிர்ப்பு பரவுவது தள்ளிப்போயிருக்கும். பலர் போடவில்லை. நான் தொண்டை வறளச் சொன்னது இதைத்தான்.

படையலுக்கு வருவோம். 1860-ல் ட்ரூரோ கப்பலில் இந்தியாவிலிருந்து இங்கே வந்த நம் முன்னோர் ஊரில் காய்ச்சியது கேழ்வரகும் கம்பும். இங்கே சோளத்துக்கு மாறினார்கள். அம்மன் கோபித்ததாகத் தெரியவில்லை.

குறுக்குக் கேள்வி (சாட்ஸ்வொர்த்): தானியம் மாறுவதும் பாக்டீரியாவைப் புகுத்துவதும் ஒன்றா, ஐயா?

பதில்: ஒன்றில்லை, தம்பி. ஒப்புக்கொள்கிறேன்.

மறுபடி அவரே: அப்போ தீட்டுதானே?

பதில்: அதைப் பூசாரியிடம் கேளுங்கள். எனக்கு உறுத்துவது வேறு. இந்த விதையை எடுத்துவைத்து மறுவருடம் விதைக்க விதைக் கம்பெனியின் ஒப்பந்தம் விடாது. முளைப்பாரி எடுக்கும் சனம் நாம். சண்டை போடுவதென்றால் அதற்குப் போடுங்கள்.

கேள்வி (பீனிக்ஸ்): புரட்டாசி விரதம். இன்சுலின் பன்றியிலிருந்தா வருகிறது?

பதில்: முன்பு பன்றி, மாட்டுக் கணையத்திலிருந்து எடுத்தார்கள். 1982-ல் பாக்டீரியா செய்த மனித இன்சுலின் விற்பனைக்கு வந்தது. இன்று ஈஸ்ட்டும் செய்கிறது. விரதமோ பாகற்காய்ச் சாறோ, ஊசியை நிறுத்தாதீர்கள்.

கேள்வி (லெனேசியா): அந்தச் சோளம் தின்றால் நம் மரபணு மாறுமா?

பதில்: மாறாது.

கேள்வி (வெருலம்): பிள்ளைகளுக்கு?

பதில்: மேலே சொன்ன பதிலைப் படியுங்கள். கத்தரிக்காய் தின்று யாரும் கத்தரிக்காய் ஆகவில்லை.

கேள்வி (ஸ்டாங்கர்): ஆய்வகத்தில் உயிரையே படைத்துவிட்டார்களாமே?

பதில்: 2010-ல் ஒரு பாக்டீரியாவின் மரபணுத் தொகுதியைச் செய்து, ஏற்கெனவே இருந்த செல்லுக்குள் வைத்தார்கள். கூடு இரவல். 2016-ல் 473 மரபணுவாகக் குறைத்தார்கள். அதில் 149 என்ன வேலை செய்கின்றன என்று செய்தவர்களுக்கே அப்போது புரியவில்லை.

கேள்வி (டோங்காட்): பாகற்காய்ச் சாறு குடித்தால் ஊசி தேவையில்லையாமே?

பதில்: ஊசி. ஊசி. ஊசி.

கேள்வி (மவுன்ட் எட்ஜ்கோம் அக்கா): கேழ்வரகே காய்ச்சிவிடட்டுமா?

பதில்: காய்ச்சுங்கள். அதில் மரபணு மாற்றிய ரகம் சந்தைக்கு வரவில்லை. கல் இருக்கும், அரித்துக்கொள்ளுங்கள்.