ஜாமீனில் வந்த தம்பிக்கு ஏஆர்டி மாத்திரை நின்றுபோனால்

சிறையிலிருந்து ஜாமீனில் வந்த தம்பிக்கு ஏஆர்டி (எச்ஐவிக்கான கூட்டு மருந்து) மாத்திரை மூன்று வாரமாக நின்றுவிட்டது, நிரந்தர முகவரியும் இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நிரந்தர முகவரி கிடைக்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம். தம்பி இப்போது நண்பர் அறையில் தங்கியிருக்கும் ஊரிலேயே அரசு ஏஆர்டி மையத்துக்கு நாளைக் காலையில் போகட்டும். "பழைய சிகிச்சைதான், மூன்று வாரம் விட்டுப்போச்சு" என்று முதலிலேயே சொல்லிவிடச் சொல்லுங்கள்.

ஜாமீன் உத்தரவு சாயங்காலம் வந்து, அப்படியே வெளியே விட்டிருப்பார்கள். மாத்திரையும் சிகிச்சைப் புத்தகமும் உள்ளேயே தங்கியிருக்கும். பெரும்பாலும் நடப்பது இதுதான். அவர் மேல் கோபப்படாதீர்கள்.

சிறையில் இருந்தபோது எந்த மையத்திலிருந்து மாத்திரை வந்தது என்று கேளுங்கள். அங்கே பதிவு எண் இருக்கும். அதை வைத்து மாற்றிக்கொள்ளலாம். காலி டப்பா இருந்தால் அதையும் எடுத்துப் போகட்டும். (அறையில் யாரும் பார்க்கக் கூடாதென்று லேபிளைக் கிழிப்பவர்கள் உண்டு. கிழித்திருந்தால் பரவாயில்லை.) கவுண்டரில் திருப்பி அனுப்பினால் தேசிய எய்ட்ஸ் உதவி எண்ணான 1097-க்குக் கூப்பிடுங்கள், கட்டணமில்லை.

ஒன்று மட்டும்: வேறொருவரின் மாத்திரையை வாங்கிப் போட வேண்டாம். இருமல், காய்ச்சல், எடைக்குறைவு இருந்தால் மறைக்காமல் சொல்லட்டும். காசநோய்க்கு ரிஃபாம்பிசின் என்ற மருந்தைத் தொடங்கினால், ஏஆர்டியில் உள்ள டோலுடெக்ராவிர் மருந்தின் அளவையே மாற்ற வேண்டிவரும். மஞ்சள் காமாலை பி (ஹெபடைடிஸ் பி) இருப்பவருக்கு இந்த இடைவெளியில் கல்லீரலும் பாதிக்கப்படலாம்; கண் மஞ்சளாகத் தெரிந்தால் நாளை வரைகூடக் காத்திருக்க வேண்டாம்.