வெளிநாட்டில் விமானி வேலை: இரண்டு நிறுவனங்கள் அழைத்தால் எதில் சேர்வது?

இந்தியாவில் ஆறு ஆண்டுகளாக ஏ320 விமானத்தில் ஃபர்ஸ்ட் ஆபீசராக (துணை விமானியாக) இருக்கிறீர்கள். வளைகுடாவில் இரண்டு இடங்களில் தேர்வாகிவிட்டீர்கள். ஒன்று ஏ320 மட்டும் வைத்திருக்கும் சிறிய நிறுவனம், மற்றது 777 போன்ற பெரிய விமானங்களை இயக்கும் பெரிய பெயர். சம்பளம் கிட்டத்தட்ட ஒன்றுதான், எதில் சேரலாம் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் முதன்முதலில் வெளிநாடு போனபோது சம்பளத்தை மட்டும்தான் பார்த்தேன். தென்கிழக்கு ஆசியாவில் ஒரு நிறுவனம். ஆறு வாரம் அங்கே, இரண்டு வாரம் திருச்சியில். என்னை வேலைக்கு எடுத்தது அந்த நிறுவனம் அல்ல, நடுவில் இருந்த ஏஜென்சி. 2020 மார்ச்சில் வீட்டில் இருந்தபோது மெயில் வந்தது, சம்பளமில்லா விடுப்பு என்று. ஜூனில் இன்னொரு மெயில், ஒப்பந்தம் ரத்து. அன்று இரவுதான் அந்த ஒப்பந்தத்தை வரி வரியாகப் படித்தேன். நோட்டீஸ் காலச் சம்பளம் இல்லை, பணிக்கொடை இல்லை. என் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அதே விமானத்தை ஓட்டிய, நிறுவனத்தில் நேரடியாகச் சேர்ந்த நண்பருக்கு மூன்று மாதச் சம்பளம் கொடுத்து அனுப்பினார்கள்.

அதனால் முதலில் யார் பெயரில் ஒப்பந்தம் என்று பாருங்கள். அடுத்து, கெட்ட காலத்தில் அந்த நிறுவனம் எப்படி நடந்துகொண்டது என்று விசாரியுங்கள். பெரிய பெயர் என்பதே பாதுகாப்பு ஆகிவிடாது. 2020 அக்டோபரில் ஹாங்காங்கின் கேத்தே பசிபிக் தன் துணை நிறுவனமான கேத்தே டிராகனையே மூடியது. மிச்சமிருந்த ஹாங்காங் விமானிகளிடம் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்து கேட்டது. நம் ஊரில் ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நின்றபோது, அதன் விமானிகள் பல மாதங்களாகச் சம்பளம் வாங்கியிருக்கவில்லை.

சம்பளம் ஒன்றுதான் என்கிறீர்களே, அதைப் பிரித்துப் பாருங்கள். அமீரகத்தில் பணிக்கொடை அடிப்படைச் சம்பளத்தை வைத்துத்தான். முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஆண்டுக்கு 21 நாள் சம்பளம். ஒரு இடத்தில் அடிப்படை 25,000 திர்ஹாம், இன்னொரு இடத்தில் 15,000, மீதி எல்லாம் வீட்டு வாடகை, அலவன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து ஆண்டு கழித்து ஒருவர் 87,500 வாங்கிப் போவார், மற்றவர் 52,500. மாதா மாதம் கைக்கு வந்தது இருவருக்கும் ஒன்றுதான்.

அப்புறம் ரோஸ்டர், அதாவது மாதப் பணி அட்டவணை. எச்.ஆர். சொல்லும் சராசரியை நம்ப வேண்டாம். அங்கே இப்போது ஓட்டும் ஒரு ஃபர்ஸ்ட் ஆபீசரைப் பிடித்து, போன மாத ரோஸ்டரை அப்படியே அனுப்பச் சொல்லுங்கள். இப்போதிருக்கும் வேலைக்கு வருமுன் நான் அப்படித்தான் ஒன்றை வாங்கினேன். என் மனைவி அதை பிரிண்ட் எடுத்து, சாப்பாட்டு மேசையில் வைத்து, இரவு 10 மணிக்கு மேல் கிளம்பி விடிந்த பிறகு திரும்பும் ஒவ்வொரு நாளையும் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டாள். ஒன்பது வட்டம். "இந்த ஒன்பது நாளும் பகலில் தூங்குவீங்க, பிள்ளைங்க சத்தம் போடக் கூடாது, அப்படித்தானே?" என்றாள். அந்த நிறுவனத்தை வேண்டாமென்று விட்டோம். வருத்தப்பட்டதே இல்லை.

பெரிய நிறுவனம் 777 டைப் ரேட்டிங் (அந்த விமானத்தை ஓட்டுவதற்கான தகுதி) கொடுத்தால் பாண்ட் கேட்கும், அதாவது குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் ஒரு தொகை கட்ட வேண்டும் என்ற உறுதி. அந்தத் தொகை மாதா மாதம் குறைகிறதா, கடைசி நாள் வரை முழுசாக நிற்கிறதா? அவர்களே உங்களை அனுப்பினாலும் நீங்கள் கட்ட வேண்டுமா? இதற்கு எழுத்தில் பதில் வாங்குங்கள். மெடிக்கலில் (மருத்துவப் பரிசோதனையில்) பறக்கும் தகுதி இழந்தால் இன்சூரன்ஸ் உண்டா என்பதையும் கேளுங்கள். நாற்பது வயதுக்கு மேல் ஒப்பந்தத்தில் இருக்கும் அந்த ஒரு வரிதான் குடும்பத்தைக் காப்பாற்றும்.

உங்கள் இடத்தில் நான் இருந்தால், நேரடி ஒப்பந்தமும் ரோஸ்டரும் சரியாக இருக்கும் பட்சத்தில் ஏ320 நிறுவனத்தில்தான் சேர்வேன். கமாண்ட், அதாவது கேப்டன் பொறுப்பு, அங்கே சீக்கிரம் வர வாய்ப்பு அதிகம். கேப்டனாக ஓட்டிய மணிகளை எந்த நாட்டுக்குப் போனாலும் மதிப்பார்கள். பெரிய விமானத்தில் துணை விமானியின் வலது சீட்டில் பத்து ஆண்டு உட்கார்ந்தாலும் அது கிடைக்காது. ஆனால் கடைசியாக அங்கே கேப்டன் ஆனவர் எத்தனை ஆண்டு காத்திருந்தார் என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.

எதில் சேர்ந்தாலும், இந்திய விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் டிஜிசிஏவின் விதிப்படி ஃபர்ஸ்ட் ஆபீசருக்கு ஆறு மாத நோட்டீஸ். புதிய இடம் அதுவரை காத்திருக்கும் என்று சேரும் தேதியோடு கடிதம் தந்த பிறகே ராஜினாமா கொடுங்கள். இந்திய லைசென்ஸையும் விமானிகளுக்கான கிளாஸ் 1 மெடிக்கல் சான்றையும் காலாவதியாக விடாதீர்கள். லீவில் ஊருக்கு வரும்போதே முடித்துவிடலாம். 2020-ல் என் வேலை போனபோது என் இந்திய மெடிக்கல் காலாவதியாகி நான்கு மாதம் ஆகியிருந்தது.