சர்க்கரை நோயுள்ள அம்மாவுடன் நீண்ட கார் பயணம்: நள்ளிரவில் கிளம்பலாமா?

கேள்வி: கோடை விடுமுறைக்குப் பெரியம்மா வீட்டுக்குக் காரில் போகிறோம். 420 கிலோமீட்டர், ஓட்டம் மட்டும் ஏழு மணி நேரம் ஆகும். அம்மாவுக்கு 67 வயது. அக்காவைப் பார்த்து எட்டு வருடமாகிறது. காலை ஏழரைக்கும் இரவு எட்டுக்கும் 30/70 இன்சுலின் போட்டுக்கொள்கிறார். ரத்த அழுத்தத்துக்கு டெல்மிசார்டனும் குளோர்தாலிடோனும் சேர்ந்த மாத்திரை, மூட்டுவலிக்கு அவ்வப்போது டைக்ளோஃபெனாக். பயண நாளில் தண்ணீரே குடிக்க மாட்டார். "சிறுநீர் மாத்திரையையும் அன்றைக்கு விட்டுவிடுகிறேன்" என்கிறார். ஆறு வயது மகனுக்குக் கார் ஏறினாலே வாந்தி. வெயிலுக்குப் பயந்து, வேலை முடிந்து வந்து கொஞ்சம் படுத்துவிட்டு இரவு இரண்டு மணிக்குக் கிளம்பி, ஒரே ஒரு இடத்தில் மட்டும் நிறுத்தலாம் என்று இருக்கிறேன். அம்மாவைக் கூட்டிப்போகலாமா?

பதில்: தாராளமாகக் கூட்டிப்போங்கள். காய்ச்சல், நெஞ்சுவலி, ஆறாத கால் புண், தொடர்ந்து 300-க்கு மேல் சர்க்கரை, இவற்றில் ஏதாவது இருந்தால் மட்டும் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். அம்மா போக வேண்டும், அக்காவைப் பார்க்க வேண்டும். மாற வேண்டியது நீங்கள் போட்டிருக்கும் கால அட்டவணை. 420 கிலோமீட்டர் தூரம் அம்மாவின் உடம்பைப் பெரிதாகப் பாதிக்காது. ஊசி, சாப்பாடு, தண்ணீர், தூக்கம் ஆகியவற்றின் நேரம் ஒரே நாளில் கலைந்துபோவதுதான் பாதிக்கும். நள்ளிரவு இரண்டு மணிக்குக் கிளம்பினால் நான்குமே கலையும்.

முதலில் ஓட்டுகிற உங்களைப் பற்றி. நள்ளிரவுக்குப் பிறகு காலை ஆறு மணி வரை மூளை தூக்கத்தை நோக்கி இழுக்கும். பிற்பகல் இரண்டு முதல் நான்கு வரை அதைவிடக் குறைவாக இன்னொரு இழுப்பு வரும். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கைத்திறன், ரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1997-இல் ஓர் ஆஸ்திரேலிய ஆய்வு காட்டியது. நீங்கள் ஓட்ட நினைப்பது நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு, இரண்டு மூன்று மணி நேரம் கண்ணை மூடி எழுந்த பிறகு. கண்ணாடியை இறக்கிவிடுவதும் பாட்டைச் சத்தமாக வைப்பதும் தூக்கத்தைத் தடுக்காது. சில நொடிகள் கண் சொக்கியதே பல நேரம் ஓட்டுபவருக்குத் தெரியாது. கொட்டாவி அடுக்கடுக்காக வந்தாலோ, கடைசியாகக் கடந்த சில கிலோமீட்டர் நினைவில் இல்லாவிட்டாலோ வண்டியை ஓரங்கட்டுங்கள். ஒரு காபி குடித்துவிட்டு உடனே பதினைந்து இருபது நிமிடம் தூங்குங்கள். காபி வேலை செய்யத் தொடங்க ஏறக்குறைய அரை மணி ஆகும் என்பதால் தூங்கி எழும்போது இரண்டின் பலனும் சேர்ந்து கிடைக்கும். இது சமாளிப்புதான். முந்தைய இரவு ஏழு மணி நேரத் தூக்கத்துக்கு அது ஈடாகாது.

ஆகவே காலையில் கிளம்புங்கள். அம்மாவின் ஊசியை ஒரு மணி நேரம் முன்னதாக, ஆறரைக்குப் போடுவதில் சிக்கலில்லை. ஏழு மணிக்கு வீட்டிலேயே காலை உணவு, ஏழரைக்குக் கார். ஒன்றரை, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தினாலும் மாலை ஐந்து ஐந்தரைக்குள் சேர்ந்துவிடலாம். இரவு ஊசி வழக்கம்போல எட்டு மணிக்கு, பெரியம்மா வீட்டில்.

காலை உணவை வீட்டிலேயே முடிக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. இன்சுலின் போடுபவர்களுக்குப் பயணத்தில் வரும் தாழ்சர்க்கரை பெரும்பாலும் இப்படித்தான் வருகிறது: வீட்டில் ஊசி போட்டாயிற்று, "வழியில் சாப்பிட்டுக்கொள்ளலாம்" என்று கிளம்பியாயிற்று, நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றாயிற்று. ஊசி காத்திருக்காது. பழைய வகை மனித இன்சுலின் 30/70 என்றால் சாப்பாட்டுக்கு அரை மணி முன்பு போட வேண்டும். வேகமாக வேலை செய்யத் தொடங்கும் புதிய அனலாக் வகை என்றால் ஆறரைக்கு வேண்டாம், ஏழு மணிக்குச் சாப்பிட உட்காரும்போது போட்டால் போதும். அம்மாவுடையது எது என்று பெட்டியைப் பார்த்துத் தெரிந்துகொள்ளுங்கள். 30/70 என்பது இரண்டு இன்சுலின்களின் கலவை; காலையில் போட்டதில் நீண்ட நேரம் வேலை செய்யும் 70 சதவீதப் பகுதி மதியத்திலும் வேலை செய்துகொண்டிருக்கும். அதனால் மதியச் சாப்பாடு ஒரு மணியைத் தாண்டக் கூடாது. பத்தரை வாக்கில் சிறு தீனியும் தேவை. வெயிலில் தோலின் ரத்த ஓட்டம் கூடுவதால் இன்சுலின் வழக்கத்தைவிட வேகமாக உள்ளே போகும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

கிளம்பும் முன் ஒருமுறை, மதியச் சாப்பாட்டுக்கு முன் ஒருமுறை, இரவு ஊசிக்கு முன் ஒருமுறை சர்க்கரை பாருங்கள். இடையில் அம்மாவுக்கு வியர்வை, நடுக்கம், திடீர்ப் பசி, காரணமில்லாத எரிச்சல், குழறிய பேச்சு இருந்தால் உடனே பாருங்கள். 70-க்குக் கீழே இருந்தால் 15 கிராம் குளுக்கோஸ் கொடுங்கள். அதாவது குவித்து எடுத்த மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் தூளோ சர்க்கரையோ தண்ணீரில் கலந்து, அல்லது 150 மில்லி பழச்சாறு. சாக்லேட் வேண்டாம். அதிலுள்ள கொழுப்பு சர்க்கரை ரத்தத்தில் சேர்வதைத் தாமதப்படுத்தும். 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு 15 கிராம். ஏறிய பிறகு ஏதாவது சாப்பிடக் கொடுங்கள். நினைவில்லாமல் இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். ஒருபக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, அவசர ஊர்தியை அழையுங்கள். மீட்டர் பக்கத்தில் இல்லையென்றால் சந்தேகத்தின் பேரிலேயே குளுக்கோஸ் கொடுங்கள். ஒருமுறை சர்க்கரை கூடுவதால் வரும் கேட்டைவிட, தாழ்சர்க்கரையைக் கவனிக்காமல் விடுவதால் வரும் கேடு பெரிது.

இன்சுலினை வைக்கும் இடம். பயன்பாட்டில் இருக்கும் பேனாவோ குப்பியோ 30 டிகிரிக்குள் இருந்தால், பெரும்பாலான வகைகளுக்கு நான்கு வாரம் வரை வெளியிலேயே இருக்கலாம். திறக்காதவை 2 முதல் 8 டிகிரியில் இருக்க வேண்டும். காரில் நடக்கும் தவறுகள் இரண்டு. ஒன்று, பனிக்கட்டியோடு நேரடியாக ஒட்டி வைப்பது. உறைந்த இன்சுலின் உருகிய பிறகும் உதவாது, தூக்கிப்போட வேண்டியதுதான். துணியில் சுற்றி, பனிப்பொதிக்கும் இன்சுலினுக்கும் நடுவில் இன்னொரு மடிப்புத் துணி வையுங்கள். தண்ணீரில் நனைத்துப் பயன்படுத்தும் குளிர்ச்சிப் பைகளில் இந்தத் தொல்லை இல்லை. இரண்டாவது தவறு, டாஷ்போர்டிலோ டிக்கியிலோ வைப்பது, அல்லது சாப்பிட இறங்கும்போது காரிலேயே விட்டுப்போவது. வெயிலில் நிறுத்திய காருக்குள் பத்து நிமிடத்தில் சுமார் 10 டிகிரி, அரை மணியில் 19 டிகிரி கூடும். வெளியே 38 என்றால் உள்ளே 57. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைப்பதால் பெரிய மாற்றம் வராது. அந்தப் பை கைக்குழந்தையைப் போல, நீங்கள் இறங்கும் இடமெல்லாம் கூடவே இறங்க வேண்டும். குழந்தையையும் அம்மாவையும் "ஐந்தே நிமிடம்" என்று பூட்டிய காரில் விட்டுப்போகக் கூடாது என்பதற்கும் இதே கணக்குத்தான் காரணம். குளுக்கோமீட்டர் பட்டைகளும் சூட்டில் கெட்டு, பொய்யான எண்ணைக் காட்டும். 30/70 இன்சுலின் உருட்டிக் கலக்கியபின் ஒரே சீரான பால் நிறத்தில் இருக்க வேண்டும். கட்டியோ திரியோ தெரிந்தால், குப்பிச் சுவரில் உறைபனி போல ஒட்டியிருந்தால் பயன்படுத்தாதீர்கள். மருந்துகள் போகும் நாட்களைவிட மூன்று நாளுக்குக் கூடுதலாக இருக்கட்டும். மருந்துச் சீட்டின் படம் உங்கள் போனிலும் மனைவியின் போனிலும் இருக்கட்டும்.

அடுத்து தண்ணீர். அம்மா தண்ணீர் குடிக்காததற்குக் காரணம் பிடிவாதம் அல்ல, கழிப்பறை கிடைக்குமா என்ற பயம். பல பெண்கள் வாழ்நாள் முழுவதும் பயணங்களை இப்படியே கடந்திருக்கிறார்கள். "குடிங்கம்மா" என்று சொல்லிக்கொண்டே இருப்பதால் பயனில்லை. சுத்தமான கழிப்பறை எங்கெங்கே இருக்கிறது என்று முன்கூட்டியே பார்த்து வைத்து, "அம்மா, ஒன்பதே காலுக்கு முதல் நிறுத்தம், பதினொன்றுக்கு அடுத்தது" என்று கிளம்பும்போதே சொல்லுங்கள். நம்பிக்கை வந்தால் அவரே குடிப்பார். மணிக்கு ஒரு டம்ளர், 150 முதல் 200 மில்லி. இதயச் செயலிழப்போ சிறுநீரக நோயோ இருந்து தண்ணீரை அளந்து குடிக்கச் சொல்லியிருந்தால் அந்த அளவுதான். வயதானவர்களுக்குத் தாக உணர்வு மங்கிவிடும். அதனால் தாகத்தை நம்பாமல் கடிகாரத்தைப் பாருங்கள். சிறுநீர் அடர்மஞ்சளாக இருந்தால் குடித்தது போதவில்லை.

மாத்திரையை விடுவதால் அவர் நினைக்கும் பலனும் கிடைக்காது. அந்த மாத்திரையில் சிறுநீரைக் கூட்டும் மருந்தான குளோர்தாலிடோனின் விளைவு இரண்டு மூன்று நாள் நீடிக்கும். ஒருநாள் காலை விட்டால் அன்றைய சிறுநீர் குறையப்போவதில்லை, அதோடு சேர்ந்த டெல்மிசார்டன்தான் வீணாக விட்டுப்போகும். ஃப்ரூசமைடு போன்ற மாத்திரைகள் வேறு. அவற்றின் வேகம் ஐந்தாறு மணி நேரத்தில் அடங்கும் என்பதால், சேர்ந்த பிறகு மாலையில் போடலாமா என்று அவரவர் மருத்துவரைக் கேட்கலாம்.

டைக்ளோஃபெனாக்கை மட்டும் இந்தப் பயணத்தில் வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள். டெல்மிசார்டன், சிறுநீர் மாத்திரை, வலிமாத்திரை மூன்றும் சேர்ந்து, உடம்பில் தண்ணீரும் குறைந்திருந்தால், ஓரிரு நாளில் சிறுநீரகம் திடீரென்று தளர்ந்துபோகலாம். பார்க்கச் சாதாரணமாகத் தெரியும் இந்தச் சேர்க்கை உண்மையில் ஆபத்தானது. மூட்டுவலிக்கு பாராசிட்டமால் 500 மி.கி., தேவைப்பட்டால் ஆறு மணிக்கொருமுறை, போதும். வழியில் வாந்தியோ வயிற்றுப்போக்கோ பிடித்துக்கொண்டால் ரத்த அழுத்த மாத்திரை, மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் வகைச் சர்க்கரை நோய் மாத்திரைகளை நிறுத்தி வைக்க வேண்டியிருக்கலாம். இன்சுலினை மட்டும் தானாக நிறுத்தக் கூடாது. இதைப் பற்றிக் கிளம்பும் முன்பே உங்கள் மருத்துவரிடம் பேசி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

மகனின் வாந்திக்கு வருவோம். உள்காது "நகர்கிறோம்" என்று சொல்கிறது, முன் சீட்டின் முதுகையோ போனையோ பார்க்கும் கண் "நகரவில்லை" என்று சொல்கிறது. இந்த முரண்தான் வாந்தி. இரண்டு வயதிலிருந்து பன்னிரண்டு வரை இது அதிகம், பிறகு பெரும்பாலும் தணிந்துவிடும். கண்ணுக்குச் சாலை தெரிய வேண்டும். பின்சீட்டின் நடுவில் மூன்று முனை பெல்ட் இருந்தால், உயரம் கூட்டும் பூஸ்டர் இருக்கையில் அங்கே உட்கார வைத்தால் முன்கண்ணாடி வழியே தொலைவு தெரியும். நடுவில் இடுப்புப் பட்டை மட்டும்தான் என்றால் ஓரச் சீட்டே பாதுகாப்பு. முன்சீட்டும் மடியும் வேண்டாம். கிளம்ப ஒரு மணி நேரம் முன்பு எண்ணெய் இல்லாத சிறு உணவு கொடுங்கள். வெறும் வயிறும் வாந்தியைத் தூண்டும். காருக்குள் தொங்கும் வாசனைப் பொருளைக் கழற்றிவிடுங்கள். உங்கள் காலுக்கும் இதில் பங்கு உண்டு: அடுத்த வளைவும் பிரேக்கும் ஓட்டுபவருக்கு முன்பே தெரியும், பின்னால் இருப்பவனுக்குத் தெரியாது. மெதுவாக வேகம் கூட்டி மெதுவாகக் குறைத்தாலே பாதித் தொல்லை போகும்.

இவ்வளவும் போதாவிட்டால் பயண வாந்தியைத் தடுக்கும் டைமென்ஹைட்ரினேட் மாத்திரை. ஆறு வயதுக்கு 25 மி.கி., கிளம்ப அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பு. வாந்தி தொடங்கிய பிறகு கொடுத்தால் வயிற்றில் தங்காது. ஒரு விடுமுறை நாளில் வீட்டிலேயே ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். பெரும்பாலான குழந்தைகள் தூங்குவார்கள், சிலர் எதிர்மாறாகத் துள்ளி அலைவார்கள். அதைக் காரில் கண்டுபிடிக்க வேண்டாம். வீட்டில் மிச்சமிருக்கும் ஒன்டான்செட்ரான் சிரப் வயிற்றுக் கிருமி வாந்திக்கு உரியது, பயண வாந்தியைத் தடுக்காது. மகனின் மாத்திரையை நீங்களும் அம்மாவும் தொடக் கூடாது. உங்களுக்குத் தூக்கம் வரும், அம்மாவுக்குக் குழப்பமும் சிறுநீர் அடைப்பும் வரலாம். வாந்தி எடுத்துவிட்டால் பத்து நிமிடம் சும்மா விட்டுப் பிறகு ஒரு டீஸ்பூன் வீதம் ஓஆர்எஸ் கொடுங்கள். ஒரு லிட்டர் பொட்டலத்தை முழுதாக ஒரு லிட்டரில் கரைக்க வேண்டும். டம்ளரில் குத்துமதிப்பாகப் போட்டால் உப்பு கூடிவிடும். வண்டி நின்று வெகுநேரமாகியும் வாந்தி நிற்கவில்லை, அல்லது காய்ச்சலோ தலைவலியோ சேர்ந்திருக்கிறது என்றால் அது பயண வாந்தி அல்ல. மருத்துவரிடம் காட்டுங்கள்.

நிறுத்தும் இடங்களில் அம்மா எப்படி இறங்குகிறார் என்பதைக் கவனியுங்கள். இரண்டு மணி நேரம் மடங்கிக் கிடந்த காலோடு சட்டென்று எழுந்தால் அழுத்தம் இறங்கித் தலை சுற்றும். கதவைத் திறந்து, பக்கவாட்டில் திரும்பி, இரண்டு பாதங்களும் தரையில் ஊன்ற ஒரு நிமிடம் உட்காரட்டும். பிறகு கதவைப் பிடிக்காமல் உங்கள் கையைப் பிடித்து எழட்டும். ஐந்து நிமிடம் நடக்கட்டும். ஓடும் காரில் அரை மணிக்கொருமுறை குதிகாலை ஊன்றி விரல்களைத் தூக்கி, பிறகு விரல்களை ஊன்றிக் குதிகாலைத் தூக்கி, இருபது தடவை. செருப்பைக் காருக்குள் கழற்றினாலும் இறங்கும்போது போட்டே ஆக வேண்டும். பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குக் கொதிக்கும் தரையில் பத்தடி வெறுங்காலோடு நடந்தாலே கொப்புளம் வரும், வலியே தெரியாது. இரவில் உள்ளங்காலைப் பார்த்துவிடுங்கள்.

பெரியம்மா வீட்டில் முதல் இரவுதான் அம்மா விழுவதற்கு வாய்ப்புள்ள இரவு. பழகாத அறை, பழகாத வாசற்படி, இருட்டில் கழிப்பறைக்கு எழுந்து போக வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே ஒருமுறை படுக்கையிலிருந்து கழிப்பறை வரை நடக்கச் சொல்லுங்கள். வழியில் இருக்கும் பெட்டி, மிதியடி, போன் ஒயர் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒரு சிறு விளக்கை எரிய விடுங்கள். எட்டு வருடப் பேச்சு நள்ளிரவைத் தாண்டும், தாண்டட்டும். ஆனால் சாப்பாடு தயாராகிவிட்டது என்று உறுதியான பிறகே இரவு ஊசி; அனலாக் வகை என்றால் தட்டு முன்னால் வந்த பிறகே. பாசத்தில் இரண்டு கரண்டி கூடிவிட்டது என்பதற்காக நீங்களாக யூனிட்டைக் கூட்டாதீர்கள். படுக்கப்போகும்போது சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் கொஞ்சம் சாப்பிட்டுப் படுக்கட்டும்.

இரண்டு காலும் கணுக்காலில் லேசாக வீங்குவது நீண்ட நேரம் உட்கார்ந்ததால்தான், காலை உயர்த்தி வைத்துப் படுத்தால் மறுநாள் வடியும். ஊர் திரும்பிய பிறகும் ஓரிரு மாதம் வரை கவனிக்க வேண்டியது ஒரு காலில் மட்டும் வரும் வீக்கம், கெண்டைச்சதையில் வலி, சூடு. அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அந்தக் காலை நீவிவிடவோ தைலம் தேய்க்கவோ கூடாது, அன்றே டாப்ளர் ஸ்கேன் எடுக்க வேண்டும். அதோடு மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் ஸ்கேனுக்குக் காத்திருக்காமல் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.